தூரமா என்றுதான் கேட்டாள்

இன்ஸ்பெக்டர் அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். செல்வாம்பாளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"அந்தப் பொண்ணு கெளம்பும்போது எங்க போறேன்னு சொல்லிச்சு?"

"சொல்லல சார்."

"நீ கேட்டியா?"

"வாசப்படி தாண்டுற புள்ளய எங்க போறன்னு யாராவது கேப்பாங்களா? போற காரியம் வெளங்குமா? தூரமான்னுதான் கேட்டேன். பக்கந்தான்னு சொல்லிச்சு."

"பக்கம்னா எந்தப் பக்கம்?"

"அதக் கேட்டா எங்க போறன்னு கேட்ட மாதிரிதான சார்?"

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலு வருஷம் கழித்து மதராஸ் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர். வந்த இடத்தில் முதல் கொலையே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கொலையாக வாய்த்த கடுப்பு அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

"பிரெஞ்சு கான்சல் ஆபீசுலேருந்து தெனம் கேக்கறாங்கம்மா. நான் என்னத்த எழுதறது? சகுனம் பாத்துக் கேக்காம விட்டாங்கன்னு எழுதட்டுமா?"

"நடந்தத எழுதுங்க."

நடந்தது இதுதான். எலேன் என்ற அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. பிரான்சிலிருந்து தனியாகக் கப்பலேறி ஊர் பார்க்க வந்தவள். டவுனுக்குள் தங்கக் கட்டுப்படியாகாமல் ரெட்டியார்பாளையத்தில் செல்வாம்பாள் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தாள். வாடகை சைக்கிளில் காமிராவும் கையுமாக ஊரைச் சுற்றினாள். ரசத்தைத் தம்ளரில் வாங்கிக் குடித்தாள். செல்வாம்பாளின் மகள் வசந்தாவும் அவளும் ஒருத்தி பாஷை இன்னொருத்திக்குத் தெரியாமலே மணிக்கணக்கில் பேசிச் சிரித்தார்கள். வெளியே கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லக்கூடாது, "போய்ட்டு வரேன்" என்றுதான் சொல்லவேண்டும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே செல்வாம்பாள்தான்; "தூரமா", "பக்கந்தான்" என்ற சொற்களும் அப்படி வந்தவைதான். கடைசி நாள் காலையிலும் அந்தப் பெண் அதைப் பிசகில்லாமல் சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள்.

மறுநாள் தேங்காய்த்திட்டுக்குத் தெற்கே சவுக்குத்தோப்பில் கிடந்தாள். அவள் கழுத்தில் சுற்றியிருந்த துணியாலேயே இறுக்கிக் கொன்றிருந்தார்கள். காமிராவைக் காணவில்லை. சைக்கிள் மட்டும் பூட்டியபடி ஒரு மரத்தில் பத்திரமாகச் சாய்ந்திருந்தது. அப்படியானால் யாரையோ பார்க்கத்தான் போயிருக்கிறாள், அது யார் என்று தெரிந்தால் ஆளைப் பிடித்துவிடலாம் என்றது போலீஸ். அதைத்தான் செல்வாம்பாள் கேட்கவில்லை.

"வூட்ல வேற யாருமே கேக்கலியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

 அடுப்பங்கரை வாசலில் நின்ற வசந்தா முந்திக்கொண்டாள்.

"நான் கேட்டேன். எங்க எலேன்னு ஆரம்பிச்சேன். அவங்கதான் என் வாயப் பொத்துனாங்க."

அவங்க! பெற்ற தாயைச் சொல்கிற சொல்லா அது? பிணம் கிடைத்த நாளிலிருந்து வசந்தா செல்வாம்பாளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவாள், கூப்பிட்டால் திரும்பமாட்டாள்.  மகளிடமிருந்து என்றைக்காவது ஒரு "அம்மா" வருமா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

தெரு வேறு விதமாகப் படுத்தியது. துக்கம் கேட்பதுபோல வந்து, "வயசுப் பொண்ணு தனியா சுத்துனா இப்படித்தான் ஆவும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு அஞ்சலாட்சியும் வந்து அதையே சொன்னபோது செல்வாம்பாள் பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டாள். "கொன்னவன் எவனோ ஜோரா திரியறான். அவன ஒரு வார்த்த சொல்ல நாதியில்ல. செத்தவளுக்குப் புத்தி சொல்ல மட்டும் வரிசையா வர்றீங்களே!" அஞ்சலாட்சி அன்றைக்குப் போனவள்தான், உறைமோர் வாங்கக்கூட வரவில்லை.

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். "உங்க ஊர்ல இதெல்லாம் இன்னுமா பாக்கறீங்க! படிப்பறிவு இருந்தா ஒரு கேள்வி கேட்டிருப்பீங்க. ஒரே ஒரு கேள்வி."

அவர் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தார். செல்வாம்பாளுக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ.

"சார்! எங்க போறீங்க?"

இன்ஸ்பெக்டர் அப்படியே நின்றார்.  வெளியே வைத்த காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல், "ஒரு சொம்பு தண்ணி குடும்மா" என்றார். குடித்தார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். அடுப்பங்கரையில் வசந்தா சிரிப்பது கேட்டது. சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. செல்வாம்பாள் எட்டிப் பார்த்தாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் எலேனின் தாய் வந்தாள். சைகோனில் ஜவுளி வியாபாரம் பார்த்துப் பிரெஞ்சு பழகிய ஹிதாயத்துல்லா பாய்தான் கூட்டிவந்தார். ஒல்லியான அம்மாள், கறுப்பு கவுன், கசங்கிய கைக்குட்டை. மகளை அடக்கம் செய்த இடத்தைக் காலையிலேயே பார்த்துவிட்டாளாம். மாடிக்குப் போய் அந்த அறையில் வெகு நேரம் இருந்துவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்தாள். பிறகு பாயிடம் ஏதோ கேட்டாள். பாய் சொல்வதற்கு முன்பே செல்வாம்பாளுக்குப் புரிந்துவிட்டது. உலகத்தில் வேறு கேள்வியே கிடையாதா?

"எங்க போறேன்னு பொண்ணு சொல்லிச்சான்னு கேக்கறாங்க. தெரியாதுன்னு சொல்லிடறேன் தங்கச்சி. இந்தச் சகுனமெல்லாம் அவங்களுக்கு எங்க புரியப் போவுது?"

"வேணாம் பாய். உள்ளதச் சொல்லுங்க. நான் கேக்கலன்னு சொல்லுங்க. கேட்டா ஆவாதுன்னு கேக்கல. கேக்க வந்தவ வாயையும் பொத்திட்டேன். அதையும் சொல்லுங்க."

பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த அம்மாள் கைக்குட்டையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டாள். திட்டுவாள் என்று செல்வாம்பாள் காத்திருந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அந்த அம்மாள் தாழ்ந்த குரலில் பேசினாள். பாய் அதைத் தமிழில் சொன்னார்.

"அவங்க கேட்டுக்கிட்டே இருப்பாங்களாம். எங்க போற, யாரு கூட, எப்ப வருவன்னு, பொண்ணு வாசல்ல கால் வெச்சாப் போதுமாம். அந்தத் தொந்தரவு பொறுக்காமதான் கப்பலேறிச்சாம். உங்களக் கொற சொல்லத் தனக்கு வாயில்லன்னு சொல்றாங்க."

செல்வாம்பாளுக்கு எரிச்சல் இன்னும் அதிகமானது. கேட்டாலும் போய்விடுகிறார்கள், கேட்காவிட்டாலும் போய்விடுகிறார்கள். பிறகு பெற்றவள் என்னதான் செய்வது? யாரிடம் போய் இதைக் கேட்பது? அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள். இத்தனை நாளில் அன்றுதான் அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் எழுந்தாள். பாயை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, வெளியே நின்ற ரிக்‌ஷாவில் தான் மட்டும் ஏறி உட்கார்ந்தாள். ரிக்‌ஷாக்காரரிடம் தெற்கே கையைக் காட்டினாள். செல்வாம்பாள் வாசலுக்கு ஓடினாள்.

"மதாம்! எங்க போறீங்க?"

பாய் பதறிப்போனார். "என்ன தங்கச்சி இது, போற நேரத்துல…"

"கேளுங்க பாய். எங்க போறாங்க, யாரு கூட, எப்ப வருவாங்க. மூணையும் கேளுங்க."

பாய் கேட்டார். அந்த அம்மாள் திரும்பி செல்வாம்பாளை உற்றுப் பார்த்தாள். பிறகு சுருக்கமாகப் பதில் சொன்னாள்.

"சவுக்குத்தோப்புக்காம். தனியாத்தானாம். எப்ப வருவேன்னு தெரியாதாம்."

"தனியாவா? நல்லாருக்கே!" செல்வாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். செருப்பை மாட்டினாள். வாசற்படியில் கால் வைத்தாள்.

"அம்மா." பின்னாலிருந்து வசந்தா கூப்பிட்டாள். "எங்கம்மா போற?"

செல்வாம்பாள் காலைப் பின்னுக்கு இழுக்கவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. நின்று, திரும்பி, மகளின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"தேங்காய்த்திட்டு தாண்டி சவுக்குத்தோப்புக்கு. இந்தம்மா கூட. வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடுவேன்."