சங்கிலியின் தீபாவளிச் சாப்பாடு

மகனின் புத்தகம் கைக்கு வந்த சந்தோஷம் சோணையம்மாளுக்கு ஒரு நாள்கூட முழுசாக நிலைக்கவில்லை. அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில் புத்தகம் எழுதிய முதல் ஆள் அவள் மகன்தான். சினிமாவுக்காக வைத்துக்கொண்ட சூர்யபிரகாஷ் என்ற பெயருக்குக் கீழே, சங்கிலி என்ற சொந்தப் பெயரையும் அட்டையில் போட்டிருந்தான். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் தெரு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினாள்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் வழிமறித்தாள்.

"ஏத்தா, ஒம் மகன் மெட்ராஸ்ல பட்டினி கெடந்தானாம்ல? எங்க வீட்டுல வாசிக்க வாசிக்க எனக்குக் கண்ணுத்தண்ணி நிக்கல. ஒரு வார்த்த சொல்லலையே நீயி!"

சோணையம்மாளின் முகம் சுருங்கிப்போனது. பட்டினியை அவளுக்கு நன்றாகத் தெரியும். அடுத்தவர் வயலில் கூலிக்குக் களையெடுத்த காலத்தில் அது அவள் வீட்டோடுதான் குடியிருந்தது. கல்யாணமாகி, அவளும் புருஷனும் பாடுபட்டுத் துண்டு நிலம் வாங்கிய பிறகு பிறந்தவர்கள் அவளுடைய பிள்ளைகள். அவர்கள் ஒரு வேளைகூட வெறும் வயிற்றோடு படுத்ததில்லை என்பதை ஊரில் யாரிடமும் தலைநிமிர்ந்து சொல்லுவாள்.

மகள் முத்துச்செல்வி ஆஸ்பத்திரியில் நர்சு. வேலை முடிந்து அவள் வந்ததும் வாசிக்கச் சொன்னாள். கூட்டத்தில் கோஷம் போடுகிறவனாக, பாடையில் கிடக்கிற பிணமாக, கடைசி வரிசைப் போலீஸ்காரனாக நடித்த கதையெல்லாம் வந்தது. படப்பிடிப்பு இருக்கிற நாளில்தான் சோறு. ஒரு தீபாவளிக்கு, எப்போதாவது கடனுக்குச் சோறு போடுகிற மெஸ்ஸையும் மூடிவிட்டார்கள். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். இவன் குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுருண்டு படுத்திருக்கிறான்.

"பொய்யி," என்றாள் சோணையம்மாள்.

"அண்ணனே எழுதிருக்கும்மா."

"எழுதுனா ஆச்சா? பொழுது சாஞ்சா போன்ல எங்கிட்டத்தான பேசுவான்? என்ன கொழம்பு, என்ன கூட்டுன்னு ஒண்ணு விடாமச் சொல்லுவான். அந்தத் தீவாளிக்குக் கறிச்சோறுன்னான். பேசிக்கிட்டே நல்லி எலும்ப உறிஞ்சுனான். இந்தக் காதால கேட்டேன். மெல்லடா, தொண்டையில சிக்கிரப் போகுதுன்னு சத்தம் போட்டேன்ல?"

முத்துச்செல்வி புத்தகத்தை மூடி வைத்தாள். புத்தகம் நாலு பேரிடம் போகவேண்டும் என்பதற்காகப் பெற்றவளைச் சோறு போடாதவள் ஆக்கிவிட்டானே என்று சோணையம்மாளுக்கு ஆத்திரமாக வந்தது. போனில் கேட்க மனம் வரவில்லை. மதுரையில் புத்தகத்துக்குக் கூட்டம் வைத்திருக்கிறார்கள், வருவான், மூஞ்சியைப் பார்த்தே கேட்போம் என்று இருந்துவிட்டாள்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம். சங்கிலி வந்த பஸ் தாமதமாகிவிட்டதால் நேராக மேடைக்குத்தான் போனான். அம்மாவைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினான். சோணையம்மாள் ஆட்டவில்லை.

சாம்பசிவம் என்கிற ஓய்வுபெற்ற பேராசிரியர் பேசினார். முதலில் நன்றாகப் பாராட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு சந்தேகம். தம்பி தப்பா எடுத்துக்கக் கூடாது," என்றார். "ஜெயிக்காத நடிகர்கள் எழுதின புத்தகங்கள் நிறைய வாசிச்சிருக்கேன். எல்லாத்துலயும் இந்தப் பசி வருது, இந்தக் குழாய்த் தண்ணி வருது. நமக்கும் அது பிடிக்குது. பிடிக்கும்னு தெரிஞ்சு எழுதுறாங்களா, நடந்ததை எழுதுறாங்களா? நடிக்கத் தெரிஞ்சவர் எழுதும்போது எதை நம்புறது?"

"அதத்தான்யா நானும் கேக்குறேன்!"

சோணையம்மாள் எழுந்துவிட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முத்துச்செல்வி சேலையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"நான் இவன் அம்மாய்யா. தெனமும் தின்னத எங்கிட்டச் சொன்னவன்தான் இவன். அந்தத் தீவாளிக்குக் கறியெலும்பு உறிஞ்சுன சத்தங்கூடக் கேட்டேன். இப்பப் பட்டினின்னு எழுதி வச்சிருக்கான். நீங்களே கேளுங்க."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பேராசிரியர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். மைக்கைச் சங்கிலியின் பக்கம் நகர்த்தினார்.

சங்கிலி மைக்கை வாய்க்கு நேராக இழுத்தான். பிறகு புறங்கையை வாயில் வைத்து உறிஞ்சினான். நல்லி எலும்பின் மறுமுனை வரைக்கும் இழுத்து, நடுவில் மூச்சு வாங்கி, கடைசியில் நாக்கைச் சப்புக்கொட்டுகிற சத்தம். "காரம் கொஞ்சம் தூக்கல்மா," என்றான்.

சனங்கள் கைதட்டிச் சிரித்தார்கள். சோணையம்மாள் சிரிக்கவில்லை. அதே சத்தம். காரம் என்று அன்றைக்குச் சொன்னதும் இதே குரல்தான். நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முன்வரிசைக்காரர்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

சங்கிலி மேடையை விட்டு இறங்கி வந்து அவள் காலடியில் குந்தினான்.

"ஏண்டா சொல்லல?"

"சொல்லிருந்தா மறுநாளே பஸ் ஏறி வந்து கூட்டிட்டுப் போயிருப்ப."

"போயிருப்பேந்தான்." அவன் கையை எடுத்து, புறங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வெறுங்கையவா உறிஞ்சுன? நான் வேற மெல்லத் தின்னுடான்னு வஞ்சேனே."

"நீ வஞ்சதாலதான் அன்னைக்கு நல்லா நடிக்கிறேன்னு தெரிஞ்சுச்சு," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. அவள் அவன் தலையைத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள்.

கூட்டம் கலையும்போது பேராசிரியர் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார். "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா."

"நீங்க கேட்டது சரிதாய்யா. பெத்தவ நானே நம்பலயே," என்றாள் சோணையம்மாள்.

சங்கிலி ஒரு வாரம் ஊரில் இருந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பினான். இன்றைக்கும் அவன் பெரிய நடிகன் இல்லை. சீரியலில் அவ்வப்போது தலை காட்டுகிறான். டப்பிங்கில் குரல் கொடுக்கிறான். சாயங்காலமானால் சோணையம்மாள் மகளின் செல்போனை வாங்கி வீடியோவில் கூப்பிடுகிறாள். முதல் வார்த்தையே, "தட்டக் காட்டு" என்பதுதான்.

போன வாரம் ஒருநாள் தட்டில் ரசஞ்சோறும் ஓரத்தில் துளி ஊறுகாயும் மட்டும் இருந்தன.

"இம்புட்டுத்தானாடா?"

"இம்புட்டுத்தான்மா இன்னைக்கு."

"சரி, தின்னு," என்றாள். அவன் தின்று முடிக்கிற வரைக்கும் போனை வைக்கவில்லை.