என் மகள் என்னை ‘நீங்க’ என்றாள்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஞானத்தில் பிறக்கவில்லை, பேராசையில் பிறந்தது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். லென்ஸை ஃப்ரேமுக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவது, ஆடும் காதுக்கம்பியை முறுக்குவது, யாரோ உட்கார்ந்து நசுக்கியதை நிமிர்த்துவது, இதெல்லாம் என் பிழைப்பு. நடுநடுவே கதையும் எழுதுவேன். எப்போதாவது ஒன்று அச்சில் வரும். வந்தால் அதை முழுக்கப் படித்துவிட்டதாக என் கணவர் சொல்வார்.

போன மாதம் ஒரு பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். “உங்களுக்கு மூணு பெண் குழந்தைங்களாமே? சிரிக்கச் சிரிக்க ஒரு குடும்பக் கதை எழுதிக் குடுங்களேன்” என்றார். கரும்பு தின்னக் கூலியா? தலையாட்டினேன். ஃபோனில் தலையாட்டினால் தெரியாது என்பதால் வாயாலும் சொன்னேன்.

ஆரம்ப வரிகள், போட்டது போட்டபடி:

“மூன்று மகள்களும் ஒரே ஒரு குளியலறையும் உள்ள வீட்டில்—”
[முடிக்கவில்லை. அந்த ஒரே குளியலறைக் கதவை யாரோ உதைத்தார்கள்.]

“மகள்கள் என்பவர்கள்—”
[‘என்பவர்கள்’ என்று தொடங்கினால் மேடையும் மைக்கும் வேண்டும்.]

“பிள்ளை வளர்ப்பது ஒரு—”
[ஒரு என்ன? எழுதத் தெரியாமல் நிறுத்தவில்லை. அந்த இடத்தில் என் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.]

2.

பாத்திரங்களை அறிமுகப்படுத்த வேண்டும். மூத்தவளுக்கு வீட்டில் பெயர் வக்கீல். பல் துலக்கு என்றால், “நேத்து ராத்திரி துலக்கினேன்ல, அதுக்கப்புறம் நான் என்னத்தைச் சாப்பிட்டேன்?” என்று கேட்பாள். கடைக்குட்டி சைரன். அவள் அழ ஆரம்பித்தால் கீழ்வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார்.

இருவருக்கும் நடுவில் ஒருத்தி. பட்டப்பெயர் கிடையாது. நடுவுலவள் என்போம்.*

*பட்டப்பெயர் வாங்க ஏதாவது வம்பு செய்திருக்க வேண்டும். அவள் செய்ததில்லை. இதை நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சம்பவம் தயாராகவே இருந்தது. பள்ளிக்கூடத்தில் புகைப்படம் எடுக்கும் நாளன்று காலையில் சைரன் தன் முன்முடியைத் தானே வெட்டிக்கொண்டாள். நெற்றியில் ஒரு பக்கம் புல்தரை, ஒரு பக்கம் பொட்டல். நான் கையை ஓங்குவதற்குள் வக்கீல் குறுக்கே வந்து நின்றாள். “கத்தரிக்கோலை அவ கைக்கு எட்டுற இடத்துல வச்சது யாரு? அவளை அடிக்கிறதுன்னா முதல்ல உன்னை அடிச்சுக்கணும்” என்றாள். என் கணவர் ஷூ மாட்டிக்கொண்டே கைதட்டினார். அவர் லிஃப்ட் மெக்கானிக். மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்தால் அவருக்கு ஒரு தனி உற்சாகம்.

எழுதி அனுப்பினேன். ஆசிரியர் மறுபடி கூப்பிட்டார். “நல்லா வந்திருக்குங்க. ஆனா மூணு பேருன்னா யாரு என்ன பேசுறாங்கன்னு குழம்புது. ரெண்டு பேரா ஆக்கிடுங்களேன்.”

வக்கீலை எடுத்தால் வசனம் போய்விடும். சைரனை எடுத்தால் கதையே போய்விடும். நடுவுலவளுக்குக் கதை முழுக்க ஒரே ஒரு வசனம்தான்: “சரிம்மா.” அதை அடித்தேன். ஒரு வாக்கியம்கூட ஆடவில்லை. எவ்வளவு வசதியான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

3.

சாப்பாட்டு மேசையில் கதையை வாசித்துக் காட்டினேன். எழுத்தாளர்களுக்கு இந்த வியாதி உண்டு. கேட்கிறவர்கள் எழுந்து போக முடியாத நேரமாகப் பார்த்து வாசிப்போம்.

வக்கீல் தன் வசனம் வந்தபோது மேசையைத் தட்டினாள். சைரன் புல்தரையைத் தடவிக்கொண்டே சிரித்தாள். நடுவுலவளும் சிரித்தாள். கையில் கரண்டியைப் பிடித்தபடி, என் வாயையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நன்றாக ரசிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். கடைசித் தாளையும் வைத்தேன்.

“அம்மா, நான் எப்போ வருவேன்?” என்றாள்.

“அது வந்து... கதைக்காக ரெண்டு பேரா ஆக்கிட்டேன்டி. எல்லாம் கற்பனைதானே.”

“அக்கா இருக்காளே. தங்கச்சி இருக்காளே. அவங்க கற்பனை இல்லையே.”

“பேரு ரொம்ப வந்தா படிக்கிறவங்களுக்குக் குழம்பும்டா கண்ணு.”

“உனக்குமா குழம்பும்?” என்று கேட்டாள்.

[இந்த இடத்தில் அம்மா சொன்ன அற்புதமான பதில் ஒன்றை எழுதியிருந்தேன். அப்படி எதுவும் சொல்லவில்லை என்பதால் எடுத்துவிட்டேன். “சாப்பிடு, ஆறிடும்” என்றுதான் சொன்னேன்.]

அவள் “சரிம்மா” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள்.

4.

மறுநாள் காலையில் நான் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

“கொஞ்சம் மெதுவா பின்றீங்களா? வலிக்குது” என்றாள்.

வேறு யாரோ அறைக்குள் வந்துவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அந்த ‘றீங்களா’ எனக்குத்தான்.

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு நான் ‘நீ’. அவர்கள் அப்பாவும் ‘நீ’. நான் மட்டும் அவரை ‘நீங்க’ என்பேன்; கோபம் தலைக்கேறினால் அது ‘நீ’ ஆகும். ஆக, இந்த வீட்டில் மரியாதை குறைந்தால்தான் சண்டை என்று அர்த்தம். கூடினால் என்ன அர்த்தம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு அது வளர்ந்தது. “தண்ணி எடுத்துக்கட்டுங்களா?” “உங்க துண்டு கீழே கிடந்துச்சு, மடிச்சு வச்சிருக்கேன்.” “நீங்க உட்காருங்க, நான் அந்தப் பக்கம் போயிக்கிறேன்.” அப்பாவிடம் ‘நீ’தான். அக்காவிடம் ‘போடி’தான். எனக்கு மட்டும் விருந்தாளி உபசாரம். சிரித்த முகத்தோடு, குரல் உயர்த்தாமல். அடித்துத் திட்டி நிறுத்தலாம் என்றால், மரியாதையாகப் பேசியதற்காகப் பிள்ளையை அடித்தவள் என்று ஊரே சிரிக்கும்.

பக்கத்து வீட்டு டீச்சர் உருகிவிட்டார். “எவ்வளவு மரியாதையா பேசுது பாருங்க! எப்படிங்க வளர்த்தீங்க?” என்றார். நான் ஈ என்று இளித்தேன்.

கணவரிடம் முறையிட்டேன். “ஏங்க, அவ என்னை நீங்க, வாங்கன்னு பேசுறா.”

“நல்லதுதானே. ஒருத்தியாவது பேசட்டுமே.”

இந்த மனிதரை எந்த லிஃப்டிலாவது அடைத்து வைத்துவிட்டு வந்தால் தேவலை.

எனக்கு என்ன வேண்டும் என்று வாசகருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு குழம்புகிறது என்று சொல்லக் கூடாது. எனக்கு அந்த ‘நீ’ திரும்ப வேண்டும். கதை அச்சில் வராவிட்டாலும் பரவாயில்லை. [பொய். அச்சிலும் வர வேண்டும். ஆனால் ‘நீ’ முதலில்.]

5.

செய்த தப்பைப் பேனாவாலேயே சரிசெய்யலாம் என்று நினைத்தேன். புதிய வடிவம் எழுதினேன். அதில் நடுவுலவள்தான் நாயகி. தங்கையின் நெற்றியைக் காப்பாற்ற ஓடுகிறாள், கத்தரிக்கோலைப் பிடுங்குகிறாள், விரலில் காயம், ஒரு சொட்டு ரத்தம், அம்மா கட்டியணைத்து—

[அந்த ரத்தத்தைத் துடைத்துவிடவும்.]

அவளைத் தனியாகக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

“நல்லா இருக்குங்க” என்றாள். “ஆனா இது யாரு?”

“நீதாண்டி!”

“நான் இப்படியெல்லாம் ஓட மாட்டேனே. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. அதுதான் விஷயம். வக்கீல் எப்போது கத்துவாள், சைரன் எதற்கு அழுவாள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இவள் நாள் முழுக்க என்ன செய்கிறாள்? கணவரைக் கேட்டேன்.

“அவளா? அவ பாட்டுக்கு இருப்பா” என்றார்.

நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்தப் ‘பாட்டு’ என்ன என்று இருவருக்கும் தெரியவில்லை.

[ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவளுக்கு வீட்டில் இருப்பது தெரியவில்லை என்று ஒரு வரி இங்கே எழுதிப் பார்த்தேன். மலிவாக இருந்ததால் அடித்துவிட்டேன். அடித்ததை உங்களிடம் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.]

6.

விடுமுறை நாளில், எழுதுகிற மாதிரி தாளை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். கண் மட்டும் நடுவுலவள் மேல்.

அவள் ஜன்னலோரம் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் பாட்டுக்கு. பிறகு எழுந்தாள். பொம்மைகளோடு கிடந்த சைரனைத் தாண்டிப் போகும்போது, தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி, போகிற போக்கில் சொன்னாள்:

“அப்பாவோட டூல்ஸ் பெட்டியில ஒரு குட்டி டார்ச் இருக்கு. அதை யாரும் தொடக் கூடாதாம்.”

சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, வந்து படத்துக்கு மரம் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சைரன் தலையணை உறைக்குள் தலையை விட்டுக்கொண்டு உள்ளே டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். கணவர் கத்தினார். நடுவுலவள் மறுபடி எழுந்தாள், இம்முறை வக்கீலைத் தாண்டி: “பெட்டியைப் பூட்டாம வச்சது அப்பாதானாம்.” வக்கீல் புத்தகத்தை மூடிவிட்டுக் கிளம்பினாள். “பெட்டியைப் பூட்டாம வச்சது யாருப்பா?” என்ற முழக்கம் அடுத்த அறையிலிருந்து கேட்டது.

நடுவுலவள் மரத்துக்கு ஒரு பறவை போட்டாள்.

நான் சைரனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். “அன்னிக்கு முடியை ஏன்டி வெட்டின?”

“கண்ணை மறைச்சா போட்டோல கண்ணே இருக்காதாம். அக்கா சொன்னா.”

“எந்த அக்கா?”

“சின்ன அக்கா.”

அந்த ‘ஆம்’ விகுதியைப் பாருங்கள். யாரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை. யாரோ சொன்னதாகத் தெரிவிக்கிறாள், அவ்வளவுதான். எந்தக் கோர்ட்டிலும் நிற்காது. வீட்டில் நடந்த அத்தனை கூத்தையும் இவள் உட்கார்ந்த இடத்திலிருந்து நடத்தியிருக்கிறாள். நான் அதைப் பார்த்து எழுதிவிட்டுக் கதாசிரியை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில், கதைக்குத் தேவையில்லை என்று கதாசிரியையையே வெளியே தள்ளியிருக்கிறேன்.

7.

நடந்ததை நடந்தபடி எழுதினேன். டார்ச், முன்முடி, எல்லாம். இவ்வளவு சந்தோஷமாக நான் எழுதி வெகுநாளாகிறது. அதே சாப்பாட்டு மேசை. வாசித்தேன்.

நடுவுலவள் முதலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன்னைப் பற்றி வந்ததும் காது சிவந்தது. முகத்தில் ஒரு வெளிச்சம். ‘கூடாதாம்’ வந்தபோது அந்த வெளிச்சம் நின்றது.

“அப்போ நான் வெட்டிக்கணும்னுதான் அப்படிச் சொன்னியாடி!” என்று சைரன் ஒலிக்க ஆரம்பித்தாள்.

“நான் பேசினதெல்லாம் நீ சொல்லிக்குடுத்ததா?” வக்கீலுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக நாக்குக் குழறியது. “என் சொந்த ஐடியான்னுல்ல நினைச்சேன்!”

“என் டார்ச்!” என்றார் கணவர், தாமதமாக.

நடுவுலவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். கண்ணில் தண்ணீர்.

“உன்னை யாரு எழுதச் சொன்னா?” என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். “ஏன்மா எல்லார்கிட்டயும் போட்டுக்குடுத்த? நீ ரொம்ப மோசம்! என்னை இதுலேருந்து எடுத்துடு!”

உன்னை. நீ. குடுத்த. எடுத்துடு. ஒவ்வொன்றும் காதில் தேனாகப் பாய்ந்தது. பெற்ற பிள்ளை திட்டும்போது சிரித்த முதல் தாய் நானாகத்தான் இருப்பேன். சிரித்திருக்கக் கூடாது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் படுக்கையறைக்கு ஓடினாள்.

8.

நான் பின்னாலேயே போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“நிஜமாவே எடுத்துடட்டுமா?”

மூக்கு உறிஞ்சும் சத்தம்.

“வேணாம். நான் இருக்கணும்” என்றாள் சுவரிடம். “ஆனா அதெல்லாம் பண்ணது அக்கான்னு எழுது. அவ தாங்கிப்பா.”

ஆசிரியர் நாளைக்குள் கேட்கிறார். மூன்று முடிவுகள் என் முன்னால் இருக்கின்றன.

(அ) அவளை எடுத்துவிடுவது. ஆசிரியருக்குக் குழப்பம் தீரும். எனக்கு ஆயுசுக்கும் மரியாதை கிடைக்கும்.

(ஆ) இப்படியே விடுவது. இது உண்மை. நீங்கள் படித்தது இதுவானால், அவளைக் கேட்காமல் நான் இதை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன் என்று அர்த்தம். என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி.

(இ) அவள் சொன்னபடி எழுதுவது. அப்படியானால் மேலே நடுவுலவள் என்று வந்த இடத்திலெல்லாம் வக்கீல் என்றும், வக்கீல் என்று வந்த இடத்திலெல்லாம்—

[வக்கீல் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆட்சேபணை தெரிவிக்கிறாள்.]

எனக்குத் தீர்மானிக்கத் தெரியவில்லை. இவளை எழுதினாலும் குற்றம், எழுதாவிட்டாலும் குற்றம். மூன்றில் எதை வேண்டுமானாலும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நாலாவதாக ஒன்று தோன்றினால் இன்னும் நல்லது.

“கோவமாடி?” என்று கேட்டு அவள் முதுகில் கை வைத்தேன். தட்டிவிட்டாள்.

“போ. நீ போய் உன் கதையை எழுது.”

நான் போகவில்லை. கதையின் மிச்சத் தாள்கள் மேசையிலேயே கிடக்கின்றன. முடிவை எழுத அங்கே நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். எனக்கு இங்கே வேலை இருக்கிறது.