சோதனைச் சாவடியில் மட்டும்

“காரில ஒரு பழுதும் இல்லையெண்டால் பிறகேன் நானா நிக்குது…”

“ஒண்டும் இல்லையெண்டு நான் சொல்லல்ல மிஸ், நான் ஓட்டக்குள்ள…”

“நீங்கள் ஓட்டேக்க நிக்காது, நான் ஓட்டேக்க நிக்கும். அப்ப என்ர காலிலயோ பழுது?”

“பயத்துல கால் நடுங்கினா எந்தக் காரும் நிக்கும்.”

“எனக்குப் பயமோ? குண்டு வெடிச்ச அண்டைக்கும் பிள்ளையளைக் கொண்டுபோய் விட்டனான் நான்!”

பாமன்கடைச் சந்துக்குள் இருந்த ஸாலிஹின் கராஜில், பொனட்டைத் திறந்துவைத்து ஆளுக்கொரு பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஸாலிஹை ‘நானா’ என்று அண்ணன் முறையில் அழைக்கும் நேசம், வெள்ளவத்தைப் பிள்ளைகளைக் கொட்டாஞ்சேனையில் உள்ள பாடசாலைக்குத் தன் காரில் ஏற்றி இறக்குபவள். அது 2007ஆம் ஆண்டு, போர்க்காலம். காலி வீதி நெடுகச் சோதனைச் சாவடிகள். அவற்றில் ஒன்றில் மட்டும் அவளது கார் இரண்டு முறை நின்றுபோனது. இரண்டாம் முறை, பின்னால் வந்த வாகனங்களையெல்லாம் தள்ளி நிறுத்திவிட்டு, நாயை விட்டு மோப்பம் பிடிக்கச் செய்தார்கள். பிள்ளைகள் வெயிலில் மதிலோரம் நின்றார்கள். இன்னொரு முறை நின்றால் காரை இழுத்துப்போய் வைத்துக்கொள்வோம் என்று சார்ஜன்ட் சொல்லிவிட்டான். இன்று சனி. திங்கள் காலை மறுபடி அதே சாவடி.

“சரி நானா, கத்தேல்ல. எந்த வழியால ஓட்டிப் பாத்தனீங்கள்?”

“கிருலப்பனையால போய், பொரளை சுத்தி, மருதானை வரைக்கும் போய் வந்தேன். ஒரு தரம்கூட நிக்கல்ல.”

“அதில செக்பொயிண்டே இல்லையே!”

“இல்லாத வழி பாத்துத்தானே போற. இந்தக் காலத்துல ஆரு மிஸ் செக்பொயிண்டைத் தேடிப் போற?”

“பழுது வாறது செக்பொயிண்டில. நீங்கள் செக்பொயிண்ட் இல்லாத வழியால போயிட்டு வந்து பழுது இல்லையெண்டுறியள்!”

ஸாலிஹ் சிரித்துவிட்டான்.

“அங்க என்னதான் நடக்குது? ஒண்டு விடாமச் சொல்லுங்க.”

“சொல்லேலாது, செய்து காட்டுறன். நீங்கள்தான் ஆமி.”

“நான் ஆமிக்காரனா?”

“ஓம், நீங்கள்தான். அந்த ஸ்பானரைத் துவக்கு மாதிரிப் பிடியுங்கோ. இல்லை, நில்லுங்கோ. முதல்ல வரிசை.”

எஞ்சினை ஓடவிட்டு, முற்றத்து வெயிலில் காரை ஊர்ந்து நகர்த்தினாள், நிறுத்தினாள், மறுபடி நகர்த்தினாள். காருக்குள் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. நெடுநேரம் அப்படியே.

“இவ்வளவு நேரமா வரிசை?”

“இதைவிடக் கூட. இப்ப என்னை மறியுங்கோ.”

“ஐசி!” என்று அடையாள அட்டை கேட்டான் ஸாலிஹ், குரலைத் தடிப்பாக்கி. “கொஹேத யன்னே?”

“கொட்டாஞ்சேனைக்கு. சிங்களத்தில எவ்வளவு வடிவாக் கேக்கிறியள்! இப்ப ‘எஞ்சினை நிப்பாட்டு’ எண்டு சொல்லுங்கோ.”

“ஏன், எல்லா இடத்திலயும் நிப்பாட்டச் சொல்றவனா?”

“இல்லை. மற்ற இடங்களில கையை ஆட்டிப் போட்டு விட்டிடுவாங்கள். இங்க மட்டும்தான் நிப்பாட்டு, பொனட்டைத் திற, டிக்கியைத் திற, பிள்ளையளின்ர பையைத் திற.”

“பள்ளிக்கூடத்து வாசல்ல?”

“அங்க நிப்பாட்டவே விடமாட்டாங்கள். இறக்கின கையோட எடுக்கவேணும்.”

ஸாலிஹ் ஸ்பானரைக் கீழே இறக்கினான்.

“நான் ஓட்டிட்டு வந்து நிப்பாட்டினா டீ குடிக்கப் போயிருவேன். திரும்பி வரக்குள்ள எஞ்சின் ஆறியிருக்கும்…” என்று தனக்குள் சொன்னவன், சட்டென்று, “நிப்பாட்டுங்க மிஸ்! இப்பவே!” என்று கத்தினான்.

அவள் நிறுத்தினாள். இறங்கினாள். டிக்கியைத் திறந்தாள், மூடினாள். சாவடியில் நிற்பதுபோலவே கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றாள். பிறகு ஏறிச் சாவியைத் திருகினாள். எஞ்சின் கிறுகிறுவென்று சுற்றியது. பற்றவில்லை. மறுபடி திருகினாள். இல்லை.

“நிண்டிட்டுது!” என்று கூவினாள், பரிசு விழுந்தவள்போல. “நானா, நிண்டிட்டுது!”

ஸாலிஹ் பிளக் ஒன்றைக் கழற்றிப் பார்த்தான். பொறி இல்லை. பெட்ரோலும் வரவில்லை.

“ரெண்டும் ஒண்டாப் பழுதாகாது. ரெண்டுக்கும் சொல்ற ஆளுதான் வாயை மூடிட்டான்.”

“ஆர் அவர்?”

“அடியில ஒரு சென்சர் இரிக்குது. எஞ்சின் சுத்துதெண்டு கம்ப்யூட்டருக்குச் சொல்ற சாமான். சூடு ஏறினா ஊமையாகிடுதுபோல.”

“சொல்லாட்டி?”

“சுத்தவே இல்லையெண்டு கம்ப்யூட்டர் நெனைக்கும். பொறியும் விடாது, பெட்ரோலும் விடாது.”

“சூட்டிலதான் ஊமையெண்டால், குளிரவிட்டால் கதைக்குமோ?”

ஸாலிஹ் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஈரத்துணி ஒன்றை எடுத்துக்கொண்டு காருக்கடியில் நுழைந்தான். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பிழியும் சத்தம் கேட்டது.

“இப்ப!”

திருகினாள். முதல் சுற்றிலேயே எஞ்சின் உறுமியது.

பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் தேடி இன்னொரு சென்சர் வாங்கிவந்து பூட்டியபோது மதியம் தாண்டிவிட்டது. முற்றத்தில் மறுபடி வரிசை, மறுபடி “கொஹேத யன்னே”. கார் மறுக்காமல் கிளம்பியது.

“இது உங்கட முற்றம். அங்க போய்ப் பாத்தால்தான் எனக்கு நித்திரை வரும். இண்டைக்குப் பிள்ளையளும் இல்லை. வாங்கோ.”

“நான் எதுக்கு மிஸ்? நான் அந்தப் பக்கம் போறதே இல்ல.”

“நிண்டால் ஆர் திருத்திறது?”

காலி வீதியில் வரிசை நீண்டிருந்தது. ஸாலிஹ் முன் இருக்கையில் முழங்கால்களைச் சேர்த்துவைத்து உட்கார்ந்திருந்தான். அவர்கள் முறை வந்தது. முன்பு இரண்டு முறையும் மறித்த அதே இளம் சிப்பாய். காரைக் கண்டதும் முகத்தைச் சுளித்தான். எஞ்சினை நிறுத்தச் சொன்னான். பொனட், டிக்கி, இருக்கையின் அடி எல்லாம் பார்த்தான். ஐசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டடி பின்வாங்கி நின்று, “ம், எடு பார்ப்பம்” என்றான்.

நேசம் சாவியைத் திருகினாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

சிப்பாய்க்கும் சிரிப்பு வந்துவிட்டது. “ஆ, திருத்தியாச்சா? என்ன பழுது?” என்று சிங்களத்தில் கேட்டான்.

ஸாலிஹுக்கு முகம் மலர்ந்தது. “இதுதான் தம்பி, இவ்வளவு சின்னச் சாமான்!” என்று சிங்களத்திலேயே சொல்லி, சட்டைப் பைக்குள் கையைவிட்டுப் பழைய சென்சரை உருவி, கண்ணாடிக்கு வெளியே நீட்டினான்.

சிப்பாயின் சிரிப்பு நின்றது. துப்பாக்கி மெல்ல நிமிர்ந்தது. அவன் பார்வை ஸாலிஹின் விரல்களிலேயே இருந்தது.

“கையை அசைக்காதே அண்ணே. அதில ஏன் வயர் தொங்குது?”