நின்ற கல்லை எண்ணக் கூடாது

...பன்னிரண்டு வயசாம், யாருக்குப் பன்னிரண்டு, கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டினால் கூடைதான் தனியாக நடந்து போகிறது என்று நினைக்கத் தோன்றும் அந்தப் பிள்ளைக்கா, என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஆனால் இடியப்பத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அவர் அதைச் சொன்னபோது செல்வநாயகி இன்னொரு கரண்டி சொதியைத்தான் ஊற்றினாள். உம்மட கெட்டிக்காரி இனிப் பள்ளிக்கூடத்துக்கு வராது, நேற்றுப் பேர் பதிஞ்சாச்சு, இண்டைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருக்கும் என்றார் அவள் புருசன் இளையதம்பி, மழை வரப்போகிறது என்று சொல்கிற அதே குரலில். தேயிலைத் தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கர் அவர், வேலைக்குப் பேர் பதிகிற பேனா அவருடையது, யாழ்ப்பாணத்திலிருந்து இருவரும் ஒரே ரயிலில் வந்து இறங்கி அவர் கந்தோருக்கும் அவள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குமாகப் பிரிந்து போன நாளிலிருந்து அந்தப் பேனாவோடு அவள் சண்டை போட்டதில்லை. ஆர், பாக்கியலெட்சுமியோ என்று கேட்டாள், வேறு யார், அவளுக்கே தெரியும், இருந்தாலும் கேட்டாள். அதுதான், பன்னிரண்டு முடிஞ்சிட்டுதாம், பள்ளிக்கூடத்திலை கணக்குப் பார்த்ததாம், ரீச்சர் சரியெண்டு சொன்னவவாம் என்றார். பிறகு கை கழுவிக்கொண்டே, பிறப்புச் சீட்டு பழைய தோட்டத்திலை துலைஞ்சு போச்சுதாம், துரை பின்னேரம் கேட்பார், பன்னிரண்டு முடியாத பிள்ளையைப் பதியக் கூடாதெண்டு அந்தாள் சட்டம் வைச்சிருக்குது, நான் மத்தியானம் சாப்பிட வரேக்கை நீர் ஒரு சொல்லுச் சொன்னால் காணும், பன்னிரண்டோ இல்லையோ எண்டு. இவ்வளவுதான். துவாயில் கை துடைத்து, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ரீச்சர் சரியென்று சொன்னவவாம்... சொன்னாளா, சொன்னாள்தான், போன கிழமை, மழை தூறத் தொடங்கிவிட்டது, சின்னப் பிள்ளை ஒன்று வழுக்கி விழுந்து முழங்காலில் ரத்தம், அதைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது பின்னாலிருந்து பன்னிரண்டுங்க டீச்சர் என்று ஒரு குரல், சரி சரி, உள்ளே ஓடு என்றாள். ஒரு சரி போதாதென்று இரண்டு சரி. பள்ளிக்கூடத்துக்கு ஏறுகிற பாதையில் இப்போது அந்தக் கற்களுக்குப் பக்கத்தால்தான் போக வேண்டியிருக்கிறது, வேறு பாதை இல்லை, எல்லாம் அவளே வைத்த கற்கள், அவளே சுண்ணாம்பு பூசியவை. பள்ளிக்கூட வாசலிலிருந்து பாதை கீழே இறங்குகிற வரைக்கும் வருசத்துக்கு ஒரு கல், வாசலில் இந்த ஐம்பத்தாறாம் ஆண்டு, கீழே போகப் போகப் பழைய வருசங்கள். இந்தத் தோட்டத்தில் யாருக்கு வயசு தெரியும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் போய்க் கேட்டால், இவ மாட்டுப்பட்டி எரிஞ்ச வருசங்க, அவன் பழைய துரை கப்பலேறுன வருசங்க என்பார்கள், ஆண்டைச் சொல்ல மாட்டார்கள், ஆனால் அந்த வருசத்தை ஒருவரும் மறந்ததில்லை. அதைக் கேட்டபோது தோன்றிய யோசனைதான், கழித்தலைப் பலகையில் எழுதிப் பிள்ளைகளின் கண்ணைச் சொருக வைப்பதைவிட, வீட்டில் கேட்டு வா, எந்த வருசத்தில் பிறந்தாயோ அந்தக் கல்லில் போய் நில், அங்கேயிருந்து இன்றைக்கு நடந்து வா, கல்லுக்குக் கல் எத்தனை எட்டு வைத்தாயோ அத்தனை வயசு. என்ன சந்தோசமாக இருந்தது அன்றைக்கு, தனக்கு வயசு உண்டு என்று முதன்முதலாக அறிந்த பிள்ளைகளின் முகம், பதுளையிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் பிள்ளைகளை வெளியில் விட்டு இது என்ன விளையாட்டு என்று கேட்டதைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை. ஆமாம் ஐயா, விளையாட்டுத்தான், இப்போது பாருங்கள், விளையாட்டு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் மலையில் விட்டுவிட்டது.

மணி அடித்து, பேர் கூப்பிட்டு, பாக்கியலெட்சுமி என்று வாய் தவறிக் கூப்பிட்டும் விட்டாள். முதலாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் வாங்கிலிருந்து அவள் தங்கச்சி மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிலேட்டைத் துடைக்கத் தொடங்கினாள், துடைக்க அதில் ஒன்றும் இல்லை. ஐந்து வகுப்பும் ஒரே மண்டபம், ஒரே பலகை, மூன்றாம் வாங்கின் ஓரத்தில் அவள் இருக்கிற இடத்தை ஒருவரும் நெருக்கி உட்காராமல் அப்படியே விட்டிருந்தார்கள், யார் சொன்னார்கள் இவர்களுக்கு. பின்னம் சொல்லிக் கொடுக்கிற நாளில் ரொட்டி கொண்டு வரச் சொல்வாள், அரை, கால், அரைக்கால் என்று பிய்த்துக் காட்டுவதற்குள் பாடம் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போய்விடும், பாக்கியலெட்சுமிதான் தன் அரைக்காலைக் கடைசிவரை கையில் வைத்திருந்து, இதையும் ரெண்டாக்கலாமா டீச்சர், அதையும் ரெண்டாக்கலாமா, எப்ப டீச்சர் ரொட்டி முடியும் என்று கேட்டவள். முடியாது பிள்ளை, கணக்கில் முடியாது என்று சொன்னபோது அந்தக் கண்கள் போன போக்கு... குண்டுமணி அடுக்கிக் காட்டிய பெருக்கலை அவள்தான் செல்வநாயகிக்கே மாற்றிக் கொடுத்தாள், குண்டுமணியெல்லாம் வேணாங்க டீச்சர், நெரைன்னு சொல்லுங்க, ஒரு நெரைக்கு ஏழு செடி, எட்டு நெரைக்கு எத்தனை, எல்லாத்துக்கும் வந்துரும் என்றாள், வந்தது. அடுத்த வருசம் சோதனை எழுதினால் பதுளைப் பெரிய பள்ளிக்கூடத்தில் விடுதியோடு இடம் கிடைக்கும், கிடைக்காமல் போகாது, அதை வைத்து மனசுக்குள் எவ்வளவு தூரம் போய்விட்டாள், வெள்ளைச் சட்டை, காலுக்குச் சப்பாத்து, ஒரு நாள் இந்தப் பிள்ளை ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சராக நிற்கும். பிள்ளை இல்லாதவளுக்கு ஆசை மட்டும் குறைவில்லை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

இன்றைக்குக் கற்களுக்குப் போக வேண்டாம் என்றுதான் நினைத்தாள், பிள்ளைகள் விடவில்லை, பாக்கியிருக்கிறவர்கள் வயசு பார்க்க வேண்டுமாம். இறங்கினார்கள். சுதந்திரக் கொடி கட்டிய வருசத்தில், நாற்பத்தெட்டில், பிறந்த ஒரு பெண்பிள்ளை தன் கல்லில் ஏறி நின்று, காலடியைக் காட்டி ஒண்ணு என்று தொடங்கி, ரெண்டு, மூணு என்று ஏறி வாசலுக்கு வந்து ஒம்பது டீச்சர் என்றது. இல்லை, எட்டு. நின்ற கல்லை எண்ணக் கூடாது, நடந்ததைத்தான் எண்ண வேண்டும் என்று ஒரு தரம் சொன்னால் போதாது, நூறு தரம் சொல்ல வேண்டியிருக்கிறது... சொல்லிக்கொண்டே திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். பாக்கியலெட்சுமி சண்டை முடிஞ்ச வருசம். தாயே சொன்னாள், சண்டை முடிஞ்சிருச்சுன்னு ஃபெக்டரி சங்கு ஊதுன மாசம் இவ பொறந்தாங்க என்று. சண்டை முடிந்தது நாற்பத்தைந்து, இன்றைக்கு ஐம்பத்தாறு, பதினொன்று. பன்னிரண்டு எங்கேயிருந்து வந்தது, நின்ற கல்லையும் சேர்த்து எண்ணினால்தான் வரும். பிழை, பிள்ளை விட்ட ஒரு சின்னப் பிழை, எல்லாப் பிள்ளையும் விடுகிற பிழை. செல்வநாயகிக்குக் கால் தரையில் நிற்கவில்லை, கடவுளே, பிழைதானே, பிழையைத் திருத்தலாமே, மத்தியானம் அவர் சாப்பிட வந்ததும் பதினொன்று என்று ஒரு சொல், காணும் என்றாரே, ஒரு சொல்லுச் சொன்னால் காணும் என்றாரே, பேரை வெட்டிவிடுவார், நாளைக்கு அவள் மூன்றாம் வாங்கின் ஓரத்தில், ஒரு வருசம் கையில், சோதனைக்கு அது போதும். சந்தோசத்தில் அந்தக் கொடி கட்டிய வருசத்துப் பெண்ணின் கன்னத்தைக் கிள்ளிவிட்டாள், அது மிரண்டு பார்த்தது.

ஹாலிஎலப் பக்கம் ரயில் ஊதியது, மூடுபனிக்குள்ளிருந்து வெயில் கொஞ்சம் வெளியே வந்தது, பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுக் கடைசியாக அவள் ஏறுகிறபோதுதான் அது நினைவுக்கு வந்தது, வராமலே இருந்திருக்கலாம். கல் வைத்த முதல் நாள், வகுப்பில் பாதி இதே பிழையை விட்டது, எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை, அப்போது பின்னாலிருந்து ஒருத்தி முன்னால் வந்து, நீ பொறந்த அன்னிக்கே ஒனக்கு ஒரு வயசா, அப்ப ஒங்கம்மா மடியில நீ நடந்தா போன, அப்பறம் என்னத்துக்கு அந்தக் கல்ல எண்ணுற என்று கேட்டாள், எல்லாரும் சிரித்தார்கள், அதோடு விளங்கிவிட்டது. அது பாக்கியலெட்சுமி. மற்றவர்களுக்கு விளங்க வைத்தவள் தானே எப்படி மறப்பாள், எதை மறந்தாலும் அதை மறப்பாளா... அன்றைக்கு ஏன் அவள் மழை தொடங்கும்வரை காத்திருந்தாள், மற்றவர்கள் எல்லாம் ஓடிய பிறகு ஏன் பின்னாலிருந்து சொன்னாள், நான் திரும்பிப் பார்க்காத நேரமாகப் பார்த்து... சே, என்ன நினைப்பு இது, குழந்தை அது. குழந்தைதான். ஆனால் லயத்தில் அவர்களுடைய ஒற்றைக் காம்பரா வாசலில் நான் உட்கார்ந்து பதுளைப் பள்ளிக்கூடத்தின் பெருமையை அளந்துகொண்டிருந்த அன்றைக்கு என்ன நடந்தது, தகப்பன் முன்பே காய்ச்சலில் போய்விட்டான், தாய் மழையில் சறுக்கி விழுந்து இடுப்பு அசையாமல் பாயில் கிடக்கிறாள், அந்த நேரம் கங்காணி வந்து வாசலில் நின்று, இந்தாம்மா, ஒன் பேர எடுக்கப் போறாங்க, வேலைக்காரப் பேரு ஒண்ணு இல்லேன்னா காம்பராவ வுட்டுறணும், புதுசா வர்ற குடும்பம் காத்துக்கிட்டு இருக்கு என்றார். தாய் அழுதாள். நானும் த்சொ த்சொ என்றேன், பிறகு விடுதிக் கட்டில்களைப் பற்றிச் சொன்னேன். அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பவே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் சொன்னதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மத்தியான நிறுவைக்குக் கொழுந்துக்காரர்கள் பள்ளிக்கூடத்து மூலையால்தான் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போக வேண்டும். பிள்ளைகளுக்கு மணி அடித்துவிட்டு அவள் வேலியோரம் போய் நின்றாள், பெண்கள் ஒவ்வொருவராகச் சலாங்க டீச்சரம்மா என்று சொல்லிப் போனார்கள், கடைசியில் கூடை வந்தது, கூடைக்குக் கீழே இரண்டு கால், இடுப்பில் யாருடையதோ பழைய படங்குச் சாக்கு இரண்டு சுற்றாகச் சுற்றியிருந்தது. பாக்கியலெட்சுமி நின்றாள், சிரித்தாள், பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வந்த நாளில் சிரிக்கிற சிரிப்பு. எத்தனையோ கேட்க வேண்டும் என்றிருந்தது செல்வநாயகிக்கு, ஏன் செய்தாய், யார் சொல்லித் தந்தது, என்னை ஏன் அதற்குள் இழுத்தாய், கேட்டது வேறு.

"பிள்ளை, நிண்ட கல்லை எண்ணலாமோ?"

"எண்ணக் கூடாதுங்க டீச்சர்."

அதற்கு யோசிக்கவே இல்லை. பிறகு கீழே பார்த்தாள், விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை, அதைச் சாக்கில் துடைத்தாள், போகவில்லை. "கணக்குலன்னா எண்ணக் கூடாதுங்க" என்றாள் மெதுவாக. முன்னால் போனவர்கள் கூப்பிட்டார்கள். இரண்டடி நடந்து திரும்பி, "தங்கச்சிக்கு வாய்ப்பாடு இன்னும் வரலீங்க டீச்சர், நெரையில வச்சுச் சொல்லிக் குடுங்க, வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள், கூடை மட்டும் தெரிந்தது, பிறகு மடுவத்துக் கூட்டத்தில் அதுவும் தெரியவில்லை.

அழலாம், ஆனால் வேலியோரம் நின்று ரீச்சர் அழுதால் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். பதினொன்று என்று சொன்னால் என்ன, உண்மைதானே, உண்மையைச் சொல்லத்தானே அவளுக்குச் சம்பளம், வாங்கில் அந்த ஓரம் நிறைந்துவிடும், ஆனால் எந்தக் காம்பராவிலிருந்து அந்தப் பிள்ளை புறப்பட்டு வரும், பாயில் கிடக்கிற தாயை யார் எங்கே தூக்கிக்கொண்டு போவது... பன்னிரண்டு என்று சொன்னால் காம்பரா இருக்கும், தங்கச்சி இருப்பாள், வாய்ப்பாடு வந்துவிடும், பாக்கியலெட்சுமி மட்டும் இருக்க மாட்டாள், எத்தனை தரம் இரண்டாக்கினாலும் முடியாத ரொட்டியைப் பற்றி இனி யார் கேட்பார்கள். அவளை நம் வீட்டில் வைத்துக்கொண்டால், தாயையும், தங்கச்சியையும்... அவர் என்ன சொல்வார், துரை என்ன சொல்வான், குவாட்டர்ஸ் தோட்டத்துடையது, அவளுடையதுமில்லை அவருடையதுமில்லை. கீழே வளைவில் கறுப்புக் குடை தெரிந்தது, இளையதம்பி சாப்பிட வருகிறார், அவர் நடை ஒரு நாளும் அவசரப்பட்டதில்லை, பாதை ஏறி இந்தக் கற்களுக்குப் பக்கத்தால் வந்து, என்னப்பா, பன்னிரண்டோ இல்லையோ என்பார். செல்வநாயகி இறங்கி வந்து சண்டை முடிந்த வருசத்துக் கல்லின் மேல் ஏறி நின்றாள், ஏன் என்று தெரியவில்லை, ஒரு தரம் தானே நடந்து பார்த்துவிடலாம் என்றுதான் நினைத்தாள், சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தாள். கால் இன்னும் அசையவில்லை. வாய் மட்டும், அவள் சொல்லாமலே, ஒன்று என்றது.