பங்கிடாத வெளிச்சம்

“பூட்ஸ கேட்டுக்கு வெளியவே கழட்டு” என்றார் சந்திரமதி.

ஷர்மினி குனிந்து கயிற்றை அவிழ்த்தாள். ஐந்து மாதத்துக்கு முன் இதே ஸ்கூடாய் வீட்டு வாசலில் அவள் கையைப் பிடித்து “வாம்மா மருமகளே” என்று உள்ளே கூட்டிப்போனவர்தான். பரிசம் போட இரண்டு வாரம் இருக்கும்போது அவரே கூலாயில் இருந்த அவள் வீட்டுக்கு ஃபோன் செய்து, மலேசியாவுக்கு ரப்பர் எஸ்டேட் கூலியாக வந்தவர்கள் குடும்பத்தோடு சம்பந்தம் வைக்க சிலோன் வழி வந்த சொந்தங்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடித்துக்கொண்டார். அவர் மகன் ரூபேந்திரன் அன்று முதல் அவள் அழைப்பை எடுக்கவில்லை.

அவன் இப்போது ஹாலில்தான் இருந்தான், மடிக்கணினியை மூடிவைத்துக்கொண்டு. சிங்கப்பூர் கம்பெனி வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து. காலையில் மீட்டிங் நடுவே இன்டர்நெட் லைன் இரண்டு தடவை அறுந்துவிட்டதாம்.

“மூணாவது கம்ப்ளெய்ன். மொத ரெண்டுக்கு யாரும் வரல, ஃபோன்லயே சமாளிச்சாங்க. வேற ஆளே கெடைக்கலயா ஒங்க ஆபீஸ்ல?”

“லைன் போட்டவங்கதான் மறுபடி வரணும் ஆன்ட்டி. அதான் ரூல்.” அத்தை என்று வாய்வரை வந்ததை அவள் விழுங்கியிருந்தாள்.

சூப்பர்வைசர் செல்வா காலையிலேயே சொல்லிவிட்டார். அந்த வீட்டிலிருந்து இன்னொரு புகார் வந்தால் யூனிஃபார்மைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

டிவிக்குப் பின்னாலிருந்த மோடத்தில் பச்சை விளக்கு சிமிட்டியது, அணைந்தது, மறுபடி சிமிட்டியது. நூல்போன்ற கண்ணாடி இழையைக் கழற்றி மீட்டரில் செருகினாள். மைனஸ் ஏழு. மற்ற வீடுகளில் மைனஸ் பதினெட்டு, இருபது என்று காட்டும்; எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம். இழை அறுந்திருக்கவில்லை, வெளிச்சம்தான் மிதமிஞ்சி வந்துகொண்டிருந்தது. ஏன் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். இல்லை, இன்னொருவனுக்கும் தெரியும்.

தெருமுனைப் பெட்டியில் ஒரு வெளிச்சத்தை எட்டு வீட்டுக்குப் பங்கு போடும் ஸ்ப்ளிட்டர் இருக்கிறது. லைன் போட்ட அன்று, வாழப்போகிற வீடு என்ற நினைப்பில், அவள் இந்த ஒரு வீட்டை அந்தப் பங்கில் சேர்க்காமல் நேராக இழுத்திருந்தாள். ஒங்க வீட்டுக்கு மட்டும் முழுசு என்று ரூபேந்திரனிடம் சொல்லிச் சிரித்தாள். பழைய மோடம் எப்படியோ தாக்குப்பிடித்தது. போன மாதம் வந்த புது மோடத்துக்கு அந்தப் பொறுமை இல்லை.

“வெளிச்சம் கூடிப்போச்சு ஆன்ட்டி. அதான் பிரச்சன.”

“வெளிச்சம் கூடுனா கெட்டுப்போவுமா? யாருக்குக் காது குத்துற?”

“இதுக்குள்ள கண்ணு மாதிரி ஒண்ணு இருக்கு. வெளிச்சம் பட்டா அத கரண்டா மாத்தும். வெளிச்சம் இருக்கா, இல்லையா, அத வெச்சுதான் படம், பேச்சு எல்லாத்தையும் புரிஞ்சுக்கும். ரொம்ப அடிச்சா கண்ணு கூசிடும். எது இருக்கு, எது இல்லன்னு பிரிக்கத் தெரியாது.”

“சரி, கூட்டி வெச்சது யாரு?”

ரூபேந்திரன் தலையைத் தூக்கினான். சம்பந்தம் முறிந்தபிறகு முதல் தடவையாக அவளைப் பார்த்தான். அவன் வாயைத் திறந்தால் போதும், அவள் வேலை போய்விடும். திறக்காவிட்டால்? அவன் மௌனத்துக்கு அவள் கடன்பட வேண்டும்.

“அம்மா, விடுங்க லா. சரி பண்ணிட்டுப் போகட்டும்” என்றான்.

“நீ சும்மா இரு. எஸ்டேட்டு வேல எஸ்டேட்டு வேலதான்.”

ஷர்மினி பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். தெருமுனைப் பெட்டியைத் திறந்து, நேராகப் போட்ட இழையைப் பிடுங்கி ஸ்ப்ளிட்டரின் எட்டாவது வாயில் செருகினாள். திரும்பி வந்து, பூட்ஸை மறுபடி கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே போய்ப் பார்த்தபோது மீட்டர் மைனஸ் பதினெட்டு காட்டியது. மோடத்தின் பச்சை அசையாமல் நின்றது.

“ஊருக்கெல்லாம் வர்ற வெளிச்சம்தான் சார் இனிமே ஒங்களுக்கும்.”

சார் என்றதும் அவன் முகம் சுருங்கியது. ஃபோனில் வேலைப் படிவத்தைத் திறந்தாள். கோளாறின் காரணம் என்ற கட்டத்துக்கு வந்தாள். பிறகு தட்டினாள்: லைன் போட்டவரின் தவறு. கீழே அவள் பெயர் தானாகவே வந்து உட்கார்ந்தது.

“சைன் பண்ணுங்க.”

அவன் வாசித்தான். மறுபடி வாசித்தான். “இத எழுதணுமா, ஷர்மி?”

“அங்க என்னடா இவ்வளவு நேரம் படிக்கிற?” என்றார் சந்திரமதி.

ஷர்மினி ஃபோனை அவன் பக்கம் இன்னும் நீட்டினாள். அவன் விரல் கண்ணாடித் திரைக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. கேட்டுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவள் பூட்ஸ் இரண்டும் நனையத் தொடங்கின.