ஒரு கோடி உந்தம்

பள்ளியில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘கிலோ டீச்சர்’. விடையில் அலகு எழுத மறந்தவர்களுக்கு அரை மதிப்பெண் தரக்கூட மனசு வராது. நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம். பதினான்கு வருஷமாக அதைக் கரும்பலகையில் எழுதிக் கை தேய்ந்தவள்.

ஒரு சனிக்கிழமை காலை, துறைமுகத்தில் வேலை பார்க்கும் நாத்தனார் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். டீச்சர்தான் எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் தலைக்கவசம் மாட்டி உள்ளே விட்டார்கள்.

“நல்ல நேரத்துல வந்தீங்க அண்ணி. கோதுமைக் கப்பல் ஒண்ணு கரை சேருது, பாத்துட்டுப் போங்க” என்றாள் நாத்தனார். கப்பல் கரையை நெருங்கும் வேகத்தை நொடிக்கு நொடி வாக்கிடாக்கியில் கப்பலை வழிநடத்தும் பைலட்டிடம் சொல்வது அவள் வேலை. கப்பல் வந்து அணையும் மேடையில் நின்ற பெரிய பலகையில் சிவப்பு எண்கள் அந்த வேகத்தைக் காட்டின: பத்து. நொடிக்குப் பத்து சென்டிமீட்டர்.

“இதென்ன, தவழ்ற குழந்தை இதை முந்திடும் போலிருக்கே” என்று சிரித்தாள் டீச்சர்.

அப்போது ‘பட்’டென்று ஒரு சத்தம். கப்பலின் மறுபக்கம், கடல் பக்கமாக அதை இழுத்துப் பிடித்திருந்த இரண்டு இழுவைப் படகுகளில் ஒன்றின் கயிறு அறுந்துவிட்டது. காற்றும் சேர்ந்து தள்ள, பலகையில் பதினாலு, பதினேழு, இருபது.

“இருபது! இருபது!” நாத்தனாரின் குரல் கீச்சிட்டது. மேடை விளிம்பில் கயிறு பிடிக்க நின்ற ஆட்கள் பின்னங்கால் பிடரியில் பட ஓடினார்கள். “அண்ணி, பின்னால போங்க!”

டீச்சர் போனாள். ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. இவ்வளவு மெதுவாக வரும் ஒன்றைப் பார்த்தா இந்த ஓட்டம்?

“எத்தனை டன்?” என்று கத்தினாள்.

“அம்பதாயிரம்!”

அஞ்சு கோடி கிலோ. இருபது சென்டிமீட்டர் என்றால் பூஜ்யம் புள்ளி ரெண்டு மீட்டர். பெருக்கினாள். ஒரு கோடி.

இருபது டன் லாரி, மணிக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் நாலு லட்சம். அப்படி இருபத்தைந்து லாரிகள் ஒன்றாய் வந்து மோதுவதற்குச் சமமானது, ஒரு சத்தமும் இல்லாமல் அவளை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

மிச்சமிருந்த இழுவைப் படகு கரும்புகை கக்கி முழு பலத்தோடு பின்னால் இழுத்தது. “பதினெட்டு... பதினாறு... பதினாலு...”

தொட்டது. மேடை விளிம்பில் ஆளைவிட உயரமாக இருந்த ரப்பர் தாங்கிகள் முனகிக்கொண்டே பாதியாக ஒடுங்கின. இடுக்கிலிருந்து கடல்நீர் பீறிட்டது. கான்கிரீட் மேடை அவள் உள்ளங்காலில் நடுங்கியது. வானத்தை மறைத்த அந்த இரும்புச் சுவர், நின்றது.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நாத்தனார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “போன உயிர் திரும்பி வந்துச்சு” என்றாள்.

டீச்சர் அனுமதி கேட்டு, கைநீட்டிக் கப்பலைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

“இப்ப இதோட உந்தம் சுழி” என்றாள் மெதுவாக. “தொட்டப்ப எழுபது லட்சம் இருந்துச்சு.”

“அவ்வளவும் எங்க போச்சு அண்ணி?”

“படகு கொஞ்சம் வாங்கிக்கிச்சு. மத்ததை ரப்பர் வாங்கி மேடைகிட்ட குடுத்துச்சு. மேடை எதுமேல நிக்குது?”

நாத்தனார் காலடியைக் குனிந்து பார்த்தாள். “தரை மேல.”

“அப்போ பூமிக்குத்தான் போயிருக்கு. பூமியே துளி அசைஞ்சிருக்கும். எந்தக் கருவியும் அளக்க முடியாத துளி.”

பதினெட்டு வருஷமாக அங்கே வேலை பார்த்த நாத்தனார் காலால் மேடையை மெல்லத் தட்டிப் பார்த்தாள். கயிறு கட்ட ஆட்கள் திரும்பி வந்தார்கள். யாரோ நாத்தனாரைக் கூப்பிட்டார்கள்.

“அடுத்த கப்பல் எப்ப?” என்று கேட்டாள் டீச்சர்.

“திங்கக்கிழமை மத்தியானம்.”

“அப்ப லீவு சொல்லிட வேண்டியதுதான்” என்றாள், கையைக் கப்பலிலிருந்து எடுக்காமலே.