ஐந்தாம் மதகின் உறுப்பினர்

லாரியில் அடிபட்டு இறந்த ஏழாவது மாதம், சுப்பிரமணி பூந்தாழஞ்சேரி ஏரிப் பாசனச் சங்கத்துக்குப் போட்டியின்றித் தேர்வானார். விதிமீறல் எதுவும் இல்லை. ஏரிக்கு ஐந்து மதகு. ஒவ்வொரு மதகின் கீழும் பட்டா வைத்திருப்பவர்கள் கூடி ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஐவரும் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக்குவார்கள். பட்டியலில் ஒரே பெயர் இருந்தால் வேட்புமனுகூடக் கேட்பதில்லை. ஐந்தாம் மதகின் கீழ் ஒரகடம் சாலையோர நிலமெல்லாம் விலைபோய், மிஞ்சியது சுப்பிரமணியின் நாற்பது சென்ட் மட்டும். அவர் மனைவி மரகதம் கம்பெனி கேன்டீனில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே அதில் நெல் நட்டாள். பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றப் போக அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

முதல் கூட்டத்துக்குச் சுப்பிரமணி ஏரிக்கரை வழியாக நடந்து வந்தார். அடிபட்ட அன்று போட்டிருந்த நீலச் சட்டை. கால் இரண்டும் ஈரம். நாலாம் மதகுக்காரரும் தலைவருமான ஏகாம்பரநாதன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். முதல் இரண்டு மதகின் நிலத்தையும் வாங்கியிருந்த கன்டெய்னர் கம்பெனியின் ஆட்கள் இருவர்தான் முகம் சுளித்தார்கள். ஏரியைத் தூர்த்து லாரி நிறுத்துமிடமாக்குவது அவர்கள் கொண்டுவந்த தீர்மானம்.

"இன்னாபா, செத்தவன்லாம் கை தூக்கலாமா?"

"பட்டா யார் பேர்ல கீதோ அவன்தான் மெம்பரு. நீயே கம்பெனிக்கு வாடகைக்கு வந்தவன், குந்து" என்றாள் மூன்றாம் மதகின் லூர்தம்மாள்.

தீர்மானம் மூன்றுக்கு இரண்டில் தோற்றது. மாதாமாதம் வந்தது, மாதாமாதம் தோற்றது. மரகதத்தின் நெல்லுக்குத் தண்ணீர் தவறவில்லை. சுப்பிரமணி மட்டும் மெலிந்துகொண்டே போனார். இரண்டாம் வருடம், தூக்கிய கை இறங்க அரைமணி ஆனது. மூன்றாம் வருடம், அவர் உடம்பின் வழியே சுவர்க் காலண்டரில் தேதி பார்க்க முடிந்தது. ஒருநாள் மதகடியில் மரகதத்திடம் வாய் திறந்தார்.

"முடியலடி. கண்ணு சொருகறதுக்குள்ள அடுத்த கூட்டம் வந்துடுது. என்னை உட்டுடேன்."

அவள் ராஜினாமாக் கடிதம் எழுதி அவருடைய பெருவிரலைப் பதித்தாள். தாளில் ஈரம்தான் பதிந்தது. அதுவே செல்லும் என்றார் ஏகாம்பரநாதன்.

"ஆனா ஒண்ணும்மா. அவரு போயிட்டா, பட்டா உன் பேருக்கு மாறற வரைக்கும் ரெண்டுக்கு ரெண்டு. அப்பால சீட்டுக் குலுக்கறதுதான் நம்ம வழக்கம். ஏரி யார் பக்கம் வுழுமோ, தெரியாது."

அடுத்த கூட்டத்தன்று மரகதம் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். வயலில் கதிர் பால் பிடித்திருந்தது. தீர்மானம் வாசித்து, எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். சுப்பிரமணி அசையவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த அறுப்பு முடியட்டுங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள் மரகதம்.

கை மெல்ல எழுந்தது.

அதற்குப் பிறகு நாலு அறுப்பு முடிந்துவிட்டது. இந்தத் தையில் மறுபடி தேர்தல் நடந்து, சுப்பிரமணி மறுபடி போட்டியின்றி வந்தார். இப்போது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஐந்தாவது நாற்காலிக்கடியில் தரை நனைந்தால் எதிர்ப்பு ஓட்டு ஒன்று என்று மினிட்ஸில் எழுதிக்கொள்கிறார்கள். கூட்டம் கலைந்ததும் மரகதம் ஒரு பழந்துணியோடு வந்து, அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, ஷிப்டுக்குப் போகிறாள்.